நான் எடுத்துக் கொடுத்த ஜாக்கி

என் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மோதிர விரலும் சுண்டு விரலும். யாராவது கேட்டால், "அச்சு எறங்கிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். வண்டிக்காரர்களுக்கு அது போதும், மேலே கேட்க மாட்டார்கள். அவர் சொல்வது பொய்யில்லை. எந்த வண்டியின் அச்சு, அதைத் தூக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. அவர் விட்டதை நான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா இண்டூர்ப் பக்கத்தில் வாடகைக்கு வண்டி ஓட்டினார். புளி, கடலை, கேழ்வரகு, சில சமயம் கல், மணல். யார் கூப்பிட்டாலும் போவார். வண்டியும் ஒரு ஜோடி மாடும்தான் சொந்தம். நிலம் என்று சொல்ல வேண்டுமானால் வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல் போடும் அளவுக்கு ஓர் இடம் இருந்தது. நான் தர்மபுரியில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஒரு கண் டாக்டரம்மாவிடம் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத்திலோ சத்திரத்திலோ முகாம் போட்டு, ஏழை ஜனங்களுக்குக் கண்புரை எடுத்துவிடுகிற அம்மா. பட்டணத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நோயாளிகளின் பேர், ஊர், வயது எழுதுவது, மருந்துப் பெட்டிகளை எண்ணி ஏற்றி இறக்குவது, கட்டுப் போட்ட கண்களோடு படுத்திருப்பவர்களுக்குக் கஞ்சி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, இவை என் வேலை.

வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டரம்மா, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார்.

"விவசாயம்மா. நஞ்சை கொஞ்சம், புஞ்சை கொஞ்சம்" என்றேன்.

அப்படிச் சொல்லும்படி என்னை யாரும் நெருக்கவில்லை. வண்டி ஓட்டுகிறார் என்று சொல்லியிருந்தால், "அப்படியா" என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். அதற்காக வேலை கொடுக்காமல் இருந்திருக்க மாட்டார். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சொன்னேன். வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் உடுத்தி அந்த அம்மாவின் எதிரில் நின்றபோது, மசகு எண்ணெய் வாசனை அடிக்கிற ஒரு துண்டு என் நினைவுக்கு வந்தது. அது அந்த அறைக்குள் வரவேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

டாக்டரம்மாவுக்குத் தங்குவதற்கு ஒரு சக்கர வீடு இருந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. இரண்டு சக்கரத்தின்மேல் ஒரு சின்ன அறை. உள்ளே கட்டில், அலமாரி, முகம் கழுவும் தொட்டி, ஸ்டவ் வைக்க ஒரு பலகை. மூக்குப்போல் முன்னால் நீளும் இரும்பின் நுனியை, மருந்துப் பெட்டிகளோடு நாங்கள் போகும் வேனின் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டிவிட்டால் வேன் எங்கே போனாலும் கூடவே வரும். கழற்றி நிறுத்தும்போது அந்த மூக்கைத் தாங்க அடியில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. குழந்தைகளின் நடைவண்டிச் சக்கரம் அளவுதான் இருக்கும். போகிற ஊரெல்லாம் ஜனங்கள் அதைச் 'சக்கர வூடு' என்றார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

வேன் ஓட்டியவர் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்த டிரைவர். பேச்சு குறைவு. அவருடைய பெட்டியில் இரண்டு ஜாக்கிகள் இருந்தன. ஒன்று குட்டை. அடி அகலமாக, கிணற்றடிக் கல்லைப்போல் உட்கார்ந்திருக்கும். தண்டைப் போட்டுத் திருகத் திருக மயிரிழை மயிரிழையாக ஏறும். இன்னொன்று நெட்டை. ஒரு பக்கம் பல் பல்லாக வெட்டியிருக்கும். பிடியை அழுத்தினால் கடகடவென்று ஒவ்வொரு பல்லாக ஏறிவிடும். அதன் இடுப்பில் மூன்று டன் என்று ஆங்கிலத்தில் வார்த்திருந்தது. அந்த எழுத்தை நான் பலமுறை துடைத்துப் படித்திருக்கிறேன்.

காரிமங்கலத்தில் முகாம் போட நாங்கள் கிளம்பியது சந்தை நாள் காலையில். ஊருக்கு மூன்று மைல் இருக்கும்போது, ரோடு லேசாக இறங்குகிற ஓர் இடத்தில், சக்கர வீட்டின் இடது பக்க டயர் காற்றுப் போய்விட்டது. அந்தச் சக்கரத்துக்கு மாற்று கிடையாது. ட்யூபுக்கு ஒட்டுப் போடலாம் என்று டிரைவர் பெட்டியைத் திறந்தால் சொலுஷன் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. சந்தைக்குப் போகிற ஒருவனுடைய சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டு, ஊரில் வாங்கிவருவதாகப் புறப்பட்டார். போகுமுன் என்னிடம் சொன்னார்:

"தம்பி, நான் வர்ற வரைக்கும் எதுலயும் கைய வைக்காத. அந்தம்மா அவசரப்பட்டாலும் வைக்காத. அப்பிடியே வச்சாலும் குட்ட ஜாக்கி. அடியில பலக. கொக்கிய மட்டும் அவுத்துராத. வேன் பிரேக்குலதான் இது நிக்குது."

"சரிங்கண்ணே" என்றேன்.

டாக்டரம்மா ஒரு புளியமரத்தடியில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்தே நோயாளிகள் காத்திருப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். அவர் மூன்றாம் தடவை பார்த்தபோது நான் போய், "டிரைவர் வர்றதுக்குள்ள வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழட்டி வச்சிட்டா நேரம் மிச்சமாகும்மா" என்றேன்.

"உனக்குத் தெரியுமா அதெல்லாம்?"

"புஸ்தகம் இருக்கும்மா வேன்ல. படிச்சிருக்கேன்."

புத்தகம் இருந்தது உண்மை. படங்களைப் பார்த்ததுகூட உண்மை.

"அவர் வரட்டுமே" என்றார். அப்புறம், "பத்திரமாச் செய்யறதானா செய்" என்றார்.

அந்த நேரத்தில்தான் நான்கு வண்டிகள் சந்தைக்குப் போகிற வழியில் வரிசையாக வந்தன. புளி மூட்டை ஏற்றிய வண்டிகள். கை தட்டி நிறுத்தினேன். முன் வண்டிக்காரர் தலையில் சிவப்புத் துண்டைச் சுற்றியிருந்தார். இறங்கி வந்து சக்கர வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னல் திரையைப் பார்த்தார்.

"என்னங்க சாமி, வூட்டையே இளுத்துக்கிட்டு வந்துட்டீங்க. சம்சாரம் கோவிச்சிக்கிட்டு வெளிய வரமாட்டேன்னுட்டாங்களா?"

பின்னாலிருந்த வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். இரண்டாவது வண்டியிலிருந்து அப்பா இறங்கிக்கொண்டிருந்தார்.

மற்ற மூன்று பேரும் அதியமான்கோட்டைப் பக்கத்து ஆட்கள். வழியில் சேர்ந்துகொண்டவர்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. அப்பா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஏப்பா" என்று ஆரம்பித்தார். அதற்குள் நான், டாக்டரம்மா காதில் விழும்படி, "வண்டிக்காரரே, கொஞ்சம் கை கொடுக்கணும். இந்த வண்டியைத் தூக்கணும்" என்றேன்.

அவர் வாய் அப்படியே நின்றது. என் சட்டையைப் பார்த்தார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றார்.

எனக்கு அப்போது வந்தது வெட்கம் இல்லை. உள்ளதைச் சொல்லவேண்டும், வந்தது நிம்மதி. அவர் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாரே என்று.

ஆனால் மாட்டுக்குப் புரியவில்லை. வலப்பக்கம் பூட்டிய வலத்தை மாடு என் பக்கமாக மூஞ்சியை நீட்டி, நாக்கைச் சுழற்றிச் சட்டைக் கையை நக்கியது. லீவுக்குப் போகும்போதெல்லாம் அதற்குத் தவிடு கலக்கி வைத்தவன் நான். அதன் நெற்றியில் கையை வைத்து அப்பால் தள்ளினேன்.

"மாடு உங்களத் தெரிஞ்சாப்ல நக்குதுங்களே" என்றார் சிவப்புத் துண்டுக்காரர்.

"உப்பு வாசனைக்கு நக்கும்" என்றார் அப்பா. "கெட்ட பழக்கம் அதுக்கு."

நான் வேலையை ஆரம்பித்தேன். பெட்டியிலிருந்து இரண்டு ஜாக்கிகளையும் எடுத்து ரோட்டோரத்தில் வைத்தேன். எதை எடுப்பது என்று யோசிப்பதுபோல் நின்றேன். உண்மையில் யோசிக்கவில்லை. குட்டை ஜாக்கியானால் குனிந்து மண்ணில் படுத்து அச்சுக்கடியில் வைக்க வேண்டும், டயர் இறங்கிப்போனதால் அதற்கும் கொஞ்சம் பள்ளம் பறிக்க வேண்டும், பிறகு அரைமணி நேரம் திருக வேண்டும். நெட்டையானால் நின்றபடியே வண்டியின் ஓரச் சட்டத்துக்கு அடியில் கொடுத்துவிடலாம். வேட்டி அழுக்காகாது.

நெட்டை ஜாக்கியை நிமிர்த்தி, அதன் இடுப்பில் இருந்த எழுத்தை விரலால் தொட்டு, முதலில் ஆங்கிலத்தில் உரக்கப் படித்து, பிறகு தமிழில் சொன்னேன். "மூணு டன் தாங்கும்னு போட்டிருக்கு. இந்த வண்டி ஒரு டன்கூட இருக்காது."

"மூணு டன்னுன்னா எத்தன மூட்ட வரும்?" என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். எல்லோரும் அந்த இரும்பை மரியாதையோடு பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். நான் படித்த ஆங்கிலத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

எவ்வளவு தாங்கும் என்பது ஒரு ஜாக்கியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே. இதை டிரைவர் பிற்பாடு எனக்குச் சொன்னார், நான் கேட்காமலே. ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் சொன்னார். ஜாக்கி எதன்மேல் நிற்கிறது, எதைத் தொட்டுத் தூக்குகிறது, எவ்வளவு உயரம் தூக்க வேண்டியிருக்கிறது, இவைதான் பெரிது. அச்சுக்கு அடியில் கொடுத்தால் நாலு விரற்கடை ஏறினாலே சக்கரம் தரையை விட்டுவிடும். ஓரச் சட்டத்தில் கொடுத்தால் முதலில் மேல்கட்டுதான் எழும்பும். அச்சுக்கும் அதற்கும் நடுவில் உள்ள இரும்பு வில் விரிந்துகொண்டே போகும், சக்கரம் மண்ணிலேயே கிடக்கும். சக்கரம் எழும்புவதற்குள் ஜாக்கி முழங்கால் உயரத்துக்குப் போய்விடும். அவ்வளவு உயரத்தில், உள்ளங்கை அகல அடியில், செம்மண்ணில் நிற்கும் இரும்பு எவ்வளவு டன் தாங்கினால் என்ன. தாங்குவதற்கு முன் சாய்ந்துவிடும். பலகை போட்டிருந்தால் ஒருவேளை நின்றிருக்கும். பலகை வேனில்தான் இருந்தது. மறந்துவிட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு கொக்கி.

எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றுவதானால் முதல் காரியமாக மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். மாடு பூட்டியிருக்கும்போது வண்டிக்கு அடியில் கையை விடுகிறவன் கிடையாது. மாடு ஓர் எட்டு வைத்தால் போயிற்று. மாட்டை அவிழ்த்ததும் வண்டியின் நீளக்கட்டை முன்னால் சரிந்து மண்ணில் ஊன்றிக்கொள்ளும். வண்டி முன்னால் நகர வழியே இல்லை. அதனால் சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு கல்லை உதைத்து வைத்துவிட்டுத் தூக்குவார்கள். எத்தனையோ காலமாக அப்படித்தான். அதில் தப்பும் இல்லை.

சிவப்புத் துண்டுக்காரர் வேனுக்கும் சக்கர வீட்டுக்கும் நடுவில் போய் நின்றார். "ஏனுங்க, இத அவுக்கலீங்களா?"

"அப்பிடியே தூக்கலாம்" என்றேன்.

"நல்லாருக்குதே. மாட்டப் பூட்டிக்கிட்டு அச்சுல கைய விடறதாட்டம். உங்க மாடு பெட்ரோல் குடிச்ச மாடு வேற." மறுபடியும் சிரித்தார்கள். "பள்ளிக்கொடத்துல இதெல்லாம் சொல்லித் தரலீங்களாட்டம் இருக்குது."

எனக்குக் காது சூடாயிற்று. டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சக்கர வீட்டின் மூக்குக்கு அடியில் குனிந்து அந்தச் சின்னச் சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தார். அது உருண்டது. என்னிடம் வந்து, மெதுவாக, "ஏனுங்க, டிரைவரு எதுனா சொல்லிட்டுப் போனாருங்களா?" என்று கேட்டார்.

டிரைவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அப்பா என் பக்கத்தில் நின்றிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் பேரைக் கேட்காமலே இன்னார் மகனா என்பார்கள். அவர் இன்னும் அரை நிமிஷம் அங்கே நின்று என்னோடு பேசினால் டாக்டரம்மா கண்ணுக்குத் தப்பாது என்று தோன்றியது. கண்ணைப் பார்ப்பதுதான் அந்த அம்மாவின் தொழில்.

"நேரமாகுது, அவுத்துடுங்க" என்றேன்.

அவர் வேனின் பின்னால் போனார். கொக்கியைக் கழற்றினார். இரண்டு பேர் மூக்கைப் பிடித்துச் சின்னச் சக்கரத்தின்மேல் இறக்கினார்கள். ஒருவர் வழக்கப்படி வலது சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தார். முன்னால் வைக்கவில்லை. வைக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நான் வேனின் பிரேக்கைத் தளர்த்தினேன், அவர்கள் அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளியதும் மறுபடி போட்டு நிறுத்தினேன்.

நான் நெட்டை ஜாக்கியை ஓரச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து அழுத்தினேன். கடகடவென்று ஏறியது. ஏற ஏற, பரவாயில்லையே என்று நின்றவர்கள் சொன்னார்கள். சக்கரம் மட்டும் மண்ணை விடவில்லை. இன்னும் அழுத்தினேன். கடைசியில் சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடம் தெரிந்தது.

அப்போது அப்பா ஒரு காரியம் செய்தார். அது நான் சொல்லிச் செய்ததல்ல. ரோட்டோரத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து, மண்டியிட்டு, அச்சுக்கு அடியில் தள்ளத் தொடங்கினார். இரும்பை நம்பாதவர்கள் செய்கிற காரியம். வண்டியைத் தூக்கினால் அடியில் ஏதாவது ஒரு முட்டுக் கொடுக்காமல் அவர் எழுந்திருக்க மாட்டார்.

ஜாக்கியின் அடி மண்ணுக்குள் ஒரு பக்கம் இறங்குவதை நான் பார்த்தேன். சின்னச் சக்கரம் சரிவில் ஒரு சாண் உருண்டது. சக்கர வீடு முழுவதும் அதோடு முன்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது.

"யோவ்" என்று கத்தினேன்.

நின்றிருந்த மூன்று பேரும் திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை. அவரை நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்பா என்று கூப்பிட்டிருந்தால் கையை இழுத்திருப்பாரா? தெரியாது. இரண்டு வருஷமாக யோசிக்கிறேன், தெரியவில்லை. ஆனால் வாயில் அந்த வார்த்தை வராமல் வேறு வார்த்தை வந்தது எனக்குத் தெரியும்.

அச்சு கல்லின்மேல் இறங்கியது. அவர் வைத்த கல்லின்மேல். கல் இல்லாவிட்டால் கை முழுவதும் போயிருக்கும். கல்லுக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டு விரல்கள் இருந்தன.

நான்கு பேரும் சேர்ந்து கையால் தூக்கி அவரை வெளியே எடுத்தோம். அவர் கத்தவில்லை. துண்டைத் தேடினார். இடுப்பில்தான் கட்டியிருந்தது. டாக்டரம்மா ஓடிவந்தார். அந்த அம்மா ஓடி நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்துப் பார்த்து, தண்ணீர் கேட்டு, மருந்துப் பெட்டி கேட்டு, கட்டுப் போட்டு முடிக்கும்வரை யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எழுந்து நின்றார்.

"வேன்லேருந்து இதைக் கழட்டச் சொன்னது யார்?"

சிவப்புத் துண்டுக்காரர் தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன்.

"நாந்தானுங்கம்மா கழட்டினேன்" என்றார் அப்பா. "எங்க வண்டியாட்டம் நெனச்சிப்புட்டேன். எந் தப்புதானுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கழற்றச் சொன்னது யார் என்றுதான் கேட்டார், கழற்றியது யார் என்றல்ல. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

டிரைவர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார். முதலில் சக்கர வீட்டை வேனில் மாட்டி, குட்டை ஜாக்கியை எடுத்து, பலகை போட்டு, படுத்துக்கொண்டு தன் வேலையைச் செய்தார். அப்பாவின் புளி மூட்டைகளைச் சிவப்புத் துண்டுக்காரரே சந்தையில் சேர்த்துவிட்டு, வண்டியையும் மாட்டையும் முகாமில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். அப்பா அவரிடம், "எங்கூர்ப் பக்கம் யாரையாச்சும் பாத்தா சொல்லிராதப்பா. வூட்டுல பயந்துக்குவாங்க" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அவரை நோயாளிகளோடு பாயில் படுக்க வைத்தோம். நான் காகிதத்தோடு எதிரில் உட்கார்ந்தேன். முகாமுக்கு வரும் ஒவ்வொருவரையும் கேட்பது வழக்கம். டாக்டரம்மா பக்கத்துப் பாயில் ஒரு கிழவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு?" என்று கேட்டேன்.

அப்பா தன் பேரைச் சொன்னார்.

"ஊரு?"

சொன்னார்.

"வயசு?"

"நீங்களே பாத்துப் போட்டுக்குங்க சார்."

அவர் வயது எனக்குத் தெரியாது. ஐம்பது என்று போட்டேன். உடன் வந்தவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா திரும்பாமலே கேட்டார்: "பிள்ளைகள் இருக்காங்களா உங்களுக்கு?"

"ஒரு பையன் இருக்கறானுங்க. நல்லாப் படிச்சிருக்கறான்."

"எங்கே இருக்கான்?"

"சேலத்துல இருக்கறானுங்க. ஆபீசுல."

நான் பேனாவுக்கு மூடி போட்டேன்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. வாடை வந்தது. டாக்டரம்மா என்னை ஓரமாக அழைத்தார். இன்றைக்கே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கை முழுக்க ஏறும் என்றார். மயக்கம் கொடுப்பதற்கு முன் சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்றார். பிறகு அப்பாவிடமே போய்ச் சொன்னார்.

"யாரும் இல்லீங்கம்மா. நானே கைநாட்டு வச்சிர்றேன்."

"சேலத்துல மகன் இருக்கானே. தந்தி கொடுத்தா ராத்திரிக்குள்ள வந்துடுவான்."

"அவனுக்கு லீவு குடுக்க மாட்டாங்க."

"அப்பாவுக்கு ஆபரேஷன்னா எந்த ஆபீசும் கொடுக்கும்."

"வரமாட்டானுங்கம்மா" என்றார் அப்பா. அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்வதுபோல் சொன்னார். "அவன் வரமாட்டான். நீங்க கத்தியப் போடுங்க."

"அப்படிச் செய்யமாட்டேன். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். வேன் போகட்டும்." என் பக்கம் திரும்பி, "சீட்டு எழுது" என்றார்.

சேலத்துக்கு நாற்பது மைலுக்குமேல். அங்கே போய் எப்போது பார்ப்பார்கள், அதற்குள் எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியாது. காகிதத்தை எடுத்தேன். சீட்டு எழுதவில்லை. சம்மதக் கையெழுத்து போடுகிற காகிதத்தில் என் பேரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதினேன். அதை டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். என் மூக்கைப் பார்த்தார். அப்பாவின் மூக்கைப் பார்த்தார்.

"நேத்து இவர்கிட்ட பேர் என்னன்னு கேட்டியே" என்றார்.

"ஆமாம்மா."

"கொக்கியைக் கழட்டச் சொன்னது?"

"நான்தாம்மா. டிரைவர் கழட்டாதேன்னு சொல்லிட்டுத்தான் போனார்."

அவர் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நின்றேன். போகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டு வா" என்றார். "அந்தக் கையை நீ பிடிச்சுக்கணும். எனக்கு வேற ஆள் இல்லை."

கழுவிக்கொண்டு வந்தேன். பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டரம்மா கத்திகளைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் அப்பா தலையைத் திருப்பினார். ஒரு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக, மகனிடம் பேசுவதுபோல் என்னிடம் பேசினார்.

"எதுக்குடா சொன்ன?"

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அந்தம்மா கேட்டப்ப எல்லாம் சேலத்துல இருக்கறான், வரமாட்டான்னு அடிச்சிச் சொன்னேனே. பொய்யி சொல்றவன்னு நெனைக்க மாட்டாங்களா என்னை? இவ்வளவு பேத்துக்குக் கண்ணு குடுக்கற அம்மா. அவங்க மூஞ்சியில எப்பிடிடா முழிக்கறது நானு?"

"தப்பு என்னுதுப்பா."

"உன்னுதா இருந்தா நீ வச்சிக்கிட்டிருக்கோணும். என்னையும் சேத்து இளுத்து உட்டுட்ட."

டாக்டரம்மா வந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாவைப் பார்க்கக் கூசிக்கொண்டுதான் மூடினார். பஞ்சில் மருந்தை ஊற்றி, அவர் முகத்தின்மேல் துணியைப் போட்டு, "ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டரம்மா.

அப்பா எண்ணினார். களத்தில் அளக்கும்போது எண்ணுவதுபோல், ஒன்று என்பதற்கு லாபம் என்று சொல்லி ஆரம்பித்தார். "லாபம். ரெண்டு. மூணு." நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். நான்கு என்று சொன்னபோது என் பிடியிலிருந்து கையை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். நான் விடவில்லை. ஐந்து சொல்லும்போது மறுபடியும் இழுத்தார். ஆறு, ஏழு என்று போகப்போகக் கையின் பலம் குறைந்தது. எட்டுக்குமேல் அவர் இழுக்கவில்லை.